ஆங்கிலம் கற்போம்: பெரிசு, அதைவிடப் பெரிசு, எல்லாத்திலும் பெரிசு



இந்த இதழில் ஒப்பிட்டுப் பேசுவது எப்படி என்று பார்ப்போம். ஒப்பிட்டுப் பேசாமல் நமக்கு ஒரு நாளும் போவதில்லை. "போன வாரத்தை விட தக்காளி விலை இறங்கிடுச்சு", "பெரியவளை விட சின்னவ நல்லா படிக்கிறா", "நம்ம குழுவிலேயே இந்த அக்காதான் கரெக்டா தவணை கட்டுறாங்க" என்று காலையிலிருந்து இரவு வரை ஒப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். இதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றால் மூன்று நான்கு விதிகள் தெரிந்தால் போதும்.

"எங்களுக்கு எதுக்கு இங்கிலீசு?" என்று சிலர் கேட்பீர்கள். பேசுவதற்காக மட்டும் இல்லை. கடன் படிவம், மிஷினுக்குத் தரும் உத்தரவாத அட்டை, மருந்துப் பட்டை, உரமூட்டை, வேலைவாய்ப்பு விளம்பரம் எல்லாவற்றிலும் இந்த ஒப்பீட்டுச் சொற்கள் இருக்கின்றன. அதில் ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் காசு போய்விடும். எப்படி என்று பாடத்தின் பின்பகுதியில் கணக்குப் போட்டே பார்க்கப் போகிறோம்.

ஒரு குறிப்பு: இங்கே ஆங்கிலச் சொற்களை உச்சரிப்புக்காகத் தமிழ் எழுத்தில் கொடுத்துள்ளோம். குழுக் கூட்டத்தில் ஊக்குநரோ, பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளையோ இவற்றை ஆங்கில எழுத்தில் பலகையில் எழுதிக் காட்டட்டும். பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காதும் கண்ணும் சேர்ந்தால்தான் மனதில் நிற்கும்.

1. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன வித்தியாசம்?

தமிழில் இந்த மூன்றையும் பாருங்க.

பசும்பால் கெட்டி.
பசும்பாலை விட எருமைப்பால் கெட்டி.
மூன்றிலும் தயிர்தான் கெட்டி.

மூன்று வரியிலும் 'கெட்டி' என்ற சொல் மாறவே இல்லை. 'விட', 'மூன்றிலும்' என்ற சொற்கள்தான் ஒப்பிடும் வேலையைச் செய்கின்றன. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அந்தச் சொல்லுக்கே வால் முளைக்கிறது.

கவ் மில்க் இஸ் திக்.
பஃபலோ மில்க் இஸ் திக்கர் தேன் கவ் மில்க்.
கர்ட் இஸ் த திக்கஸ்ட் ஆஃப் த த்ரீ.

திக், திக்கர், திக்கஸ்ட். இதுதான் மூன்று படி. முதல் படி சும்மா சொல்வது. இரண்டாம் படி இரண்டை ஒப்பிடுவது. மூன்றாம் படி பலவற்றில் ஒன்றை உச்சியில் வைப்பது.

இரண்டாம் படிக்கு 'தேன்' என்ற சொல் வேண்டும். டி, எச், ஏ, என் என்று எழுத வேண்டும். நாம் நாக்கில் தடவும் தேன் மாதிரியே உச்சரித்தால் சரியாக இருக்கும். நம்ம 'விட'தான் இந்த 'தேன்'. மூன்றாம் படிக்கு முன்னால் 'த' வர வேண்டும். டி, எச், இ. 'திக்கஸ்ட்' என்று மொட்டையாகச் சொல்லாமல் 'த திக்கஸ்ட்' என்று சொல்ல வேண்டும்.

நாம் அதிகமாகத் தடுமாறும் இடம் சொல் வரிசை. தமிழில் 'பசும்பாலை விட' என்று தோற்றுப்போகிற பொருளை முதலில் சொல்லிவிட்டு, ஜெயிக்கிற எருமைப்பாலைப் பின்னால் சொல்கிறோம். அதே வரிசையில் ஆங்கிலத்தைப் பேசினால் "கவ் மில்க் இஸ் திக்கர் தேன் பஃபலோ மில்க்" என்று ஆகிவிடும். அர்த்தம் தலைகீழ்! ஆங்கிலத்தில் ஜெயிக்கிற பொருள் முதலில், 'தேன்' நடுவில், மற்றது கடைசியில். இதை மட்டும் மறக்காதீங்க.

2. வால் ஒட்டும் விதிகள்

விதி 1: சின்னச் சொல் என்றால் கடைசியில் இ, ஆர் சேர்க்க வேண்டும். உச்சிக்கு இ, எஸ், டி சேர்க்க வேண்டும்.

சீப் – சீப்பர் – சீப்பஸ்ட் (விலை மலிவு)
ஹை – ஹையர் – ஹையஸ்ட் (உயரம், அதிகம்)
லோ – லோயர் – லோயஸ்ட் (குறைவு)
ஓல்ட் – ஓல்டர் – ஓல்டஸ்ட் (வயசு அதிகம், பழசு)
யங் – யங்கர் – யங்கஸ்ட் (வயசு குறைவு)
லாங் – லாங்கர் – லாங்கஸ்ட் (நீளம்)

விதி 2: சொல்லின் கடைசியில் ஏற்கெனவே இ இருந்தால் மறுபடி இ வேண்டாம். ஆர் மட்டும் போதும், எஸ், டி மட்டும் போதும்.

லார்ஜ் – லார்ஜர் – லார்ஜஸ்ட் (பெரிய)
சேஃப் – சேஃபர் – சேஃபஸ்ட் (பாதுகாப்பான)

விதி 3: பிக், ஹாட், தின் போன்ற குட்டிச் சொற்களில் கடைசி எழுத்தை இரண்டு தடவை எழுத வேண்டும். 'பிக்' எழுதும்போது ஒரு ஜி. 'பிக்கர்' எழுதும்போது இரண்டு ஜி. பேசும்போது வித்தியாசம் தெரியாது, எழுதும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக் – பிக்கர் – பிக்கஸ்ட் (பெரிய)
ஹாட் – ஹாட்டர் – ஹாட்டஸ்ட் (சூடான)
தின் – தின்னர் – தின்னஸ்ட் (மெல்லிய)

விதி 4: கடைசி எழுத்து ஒய் என்றால் அதை ஐ ஆக்கிவிட்டு வால் ஒட்ட வேண்டும்.

ஹெவி – ஹெவியர் – ஹெவியஸ்ட் (கனமான)
ஈஸி – ஈஸியர் – ஈஸியஸ்ட் (சுலபமான)
ஹெல்த்தி – ஹெல்த்தியர் – ஹெல்த்தியஸ்ட் (உடம்புக்கு நல்ல)
டிரை – டிரையர் – டிரையஸ்ட் (காய்ந்த)

புளி விற்கும் குழுக்களுக்குக் கடைசிச் சொல் ரொம்ப உதவும். வாங்க வந்தவரிடம் "திஸ் டேமரிண்ட் இஸ் டிரையர் தேன் தட்" என்றால், 'அதை விட இந்தப் புளி நல்லா காய்ஞ்சது' என்று அர்த்தம். ஈரம் குறைவு என்றால் விலை கூட்டிக் கேட்கலாம்.

விதி 5: நீளமான சொல்லுக்கு வால் ஒட்டாது. முன்னால் 'மோர்' அல்லது 'த மோஸ்ட்' போட வேண்டும்.

எக்ஸ்பென்சிவ் – மோர் எக்ஸ்பென்சிவ் – த மோஸ்ட் எக்ஸ்பென்சிவ் (விலை கூடிய)
யூஸ்ஃபுல் – மோர் யூஸ்ஃபுல் – த மோஸ்ட் யூஸ்ஃபுல் (பயனுள்ள)
இம்பார்ட்டன்ட் – மோர் இம்பார்ட்டன்ட் – த மோஸ்ட் இம்பார்ட்டன்ட் (முக்கியமான)

குறைவாகச் சொல்ல வேண்டும் என்றால் 'மோர்' இடத்தில் 'லெஸ்' போடுங்கள். "லெஸ் எக்ஸ்பென்சிவ்" என்றால் அவ்வளவு விலை இல்லை. உச்சக் குறைவுக்கு 'த லீஸ்ட்'.

விதி 6: எந்த விதிக்கும் அடங்காத சொற்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை இப்படி இருக்கும் இல்லீங்களா? இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

குட் – பெட்டர் – பெஸ்ட் (நல்ல)
பேட் – வர்ஸ் – வர்ஸ்ட் (மோசமான)
மச் அல்லது மெனி – மோர் – மோஸ்ட் (நிறைய)
லிட்டில் – லெஸ் – லீஸ்ட் (கொஞ்சம்)
ஃபார் – ஃபார்தர் – ஃபார்தஸ்ட் (தூரம்)

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 'மோர்' போட்டால் வால் வேண்டாம், வால் இருந்தால் 'மோர்' வேண்டாம். "மோர் சீப்பர்", "மோர் பெட்டர்" என்பதெல்லாம் தப்பு. ஒரு தலைக்கு இரண்டு சும்மாடு எதுக்கு? இரண்டாவது, 'ரொம்ப நல்லா ஆயிடுச்சு' என்பதற்கு "வெரி பெட்டர்" என்று சொல்லக் கூடாது, "மச் பெட்டர்" என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால் "மச் பெட்டர்" என்று சொல்லிப் பாருங்கள்.

3. செயலை ஒப்பிடுவது

இதுவரை பொருளை ஒப்பிட்டோம். 'எப்படிச் செய்தார்' என்பதையும் ஒப்பிடலாம். இதற்கும் அதே இரண்டு வழிதான்.

ஃபாஸ்ட் – ஃபாஸ்டர் – ஃபாஸ்டஸ்ட் (வேகமாக)
ஹார்ட் – ஹார்டர் – ஹார்டஸ்ட் (கடினமாக உழைத்து)
ஏர்லி – ஏர்லியர் – ஏர்லியஸ்ட் (முன்னதாக)
லேட் – லேட்டர் – லேட்டஸ்ட் (தாமதமாக)

'லி' என்று முடியும் பெரும்பாலான செயல் சொற்களுக்கு முன்னால் 'மோர்' வரும்: ஸ்லோலி – மோர் ஸ்லோலி (மெதுவாக), கிளியர்லி – மோர் கிளியர்லி (தெளிவாக), கேர்ஃபுல்லி – மோர் கேர்ஃபுல்லி (கவனமாக). 'ஏர்லி'யும் 'லி' என்றுதான் முடிகிறது, ஆனால் அது மட்டும் 'ஏர்லியர்' ஆகிவிடும். 'நன்றாக' என்பதற்கு 'வெல்', அதன் அடுத்த படிகள் அதே 'பெட்டர்', 'பெஸ்ட்'.

இன்றே மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு வாக்கியம்: "ப்ளீஸ் ஸ்பீக் மோர் ஸ்லோலி." தயவு செய்து இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். வங்கியில், ஆஸ்பத்திரியில், போனில் யாராவது ஆங்கிலத்தில் கடகடவென்று பேசினால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீங்க. இதைச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

4. நம்ம ஊர்ச் செய்தியை வைத்துப் பழகுவோம்

நம் பாப்பாரப்பட்டியில் தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. அவர் 1884-ல் பிறந்து, 1925 ஜூலை 23-ஆம் தேதி இங்கேதான் காலமானார். அவரோடு சேர்த்துப் பேசப்படும் இரண்டு பேர் வ.உ.சி.யும் பாரதியாரும். வ.உ.சி. பிறந்தது 1872, மறைந்தது 1936. பாரதியார் பிறந்தது 1882, மறைந்தது 1921. இந்த மூன்று பேரை வைத்தே மூன்று படியும் பழகலாம்.

பாரதி வாஸ் ஓல்டர் தேன் சிவா. (சிவாவை விட பாரதிக்கு வயது அதிகம்.)
வ.உ.சி. வாஸ் த ஓல்டஸ்ட் ஆஃப் த த்ரீ. (மூவரில் மூத்தவர் வ.உ.சி.)
சிவா வாஸ் த யங்கஸ்ட் ஆஃப் த த்ரீ. (மூவரில் இளையவர் சிவா.)
சிவா லிவ்டு லாங்கர் தேன் பாரதி. (பாரதியை விட சிவா அதிக காலம் வாழ்ந்தார்.)

கடைசி வரியைக் கவனித்தீர்களா? பாரதி 38 வயதில் போய்விட்டார், சிவா 40 வயதில். ஜெயில் கொடுமையும் தொழுநோயும் சேர்ந்து சிவாவைத் தின்றுவிட்டன. அங்கே 'லாங்கர்' என்பது வாழ்ந்த காலத்தைக் குறிக்கிறது, அதனால் அது செயலுக்கான ஒப்பீடு.

அடுத்தது நம் குழுக்களின் கதை. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தொடங்கியது. சேலம் போன்ற மாவட்டங்களுக்கு அதன் பிறகுதான் போனது.

த ப்ராஜெக்ட் ஸ்டார்ட்டட் ஏர்லியர் இன் தருமபுரி தேன் இன் சேலம். (சேலத்தை விட தருமபுரியில் திட்டம் முன்னதாகத் தொடங்கியது.)

பெருமையான செய்தி. ஆனால் இன்னொரு செய்தியும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். குறைவான மாவட்டம் நம் தருமபுரி, 68.54 சதவீதம்.

இன் 2011, கன்னியாகுமரி ஹேட் த ஹையஸ்ட் லிட்டரசி ரேட் இன் தமிழ்நாடு.
இன் 2011, தருமபுரி ஹேட் த லோயஸ்ட்.

'த ஹையஸ்ட்', 'த லோயஸ்ட்' என்ற சொற்களுக்குப் பின்னால் 'இன் தமிழ்நாடு' என்று இடம் வருவதைப் பாருங்க. இடத்துக்கு 'இன்', எண்ணிக்கைக்கு 'ஆஃப்'. 'இன் அவர் குரூப்' (நம்ம குழுவில்), 'ஆஃப் த த்ரீ' (மூன்றில்). குழு தொடங்குவதில் முதலில் நின்ற நாம் படிப்பில் கடைசியில் நின்றோம். இந்தப் பாடத்தை மகளும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

தண்ணீருக்கு வருவோம். நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். பல்லில் மஞ்சள் கறை, மூட்டு வலி என்று அனுபவித்தவர்கள் நாம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறார்கள். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு ஆங்கிலத்தில் வந்தால் இந்தச் சொற்களைத் தேடுங்கள்: 'ஹையர் தேன் த லிமிட்' என்றால் அளவைத் தாண்டிவிட்டது, குடிக்கக் கூடாது. 'லோயர் தேன் த லிமிட்' என்றால் அளவுக்குள் இருக்கிறது.

5. 'அதே அளவு' என்று சொல்ல

இரண்டும் சமம் என்றால் 'தேன்' வராது. 'ஆஸ்... ஆஸ்' என்று இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும்.

மை டாட்டர் இஸ் ஆஸ் டால் ஆஸ் மீ. (என் மகள் என் உயரம் இருக்கிறாள்.)
திஸ் சோப் இஸ் நாட் ஆஸ் குட் ஆஸ் தட். (அந்த சோப்பு அளவுக்கு இது நல்லா இல்லை.)

'ஆஸ்' நடுவில் வால் இல்லாத முதல் படிச் சொல்தான் வரும். "ஆஸ் டாலர் ஆஸ்" என்று வராது.

6. காகிதத்தில் ஒளிந்திருக்கும் ஒப்பீடுகள்

இந்தப் பகுதியை மட்டும் கூட்டத்தில் இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள்.

'நாட் லெஸ் தேன்' – குறையக் கூடாது. 'நாட் லெஸ் தேன் 18 இயர்ஸ்' என்றால் 18 வயது அல்லது அதற்கு மேல்.
'அட் லீஸ்ட்' – குறைந்தபட்சம்.
'நாட் மோர் தேன்' – அதற்கு மேல் போகக் கூடாது.
'நாட் லேட்டர் தேன்' – இந்தத் தேதிக்குள். தேதி தாண்டினால் விண்ணப்பத்தை எடுக்க மாட்டார்கள்.
'விச்எவர் இஸ் ஹையர்' – இரண்டில் எது அதிகமோ அது.
'விச்எவர் இஸ் ஏர்லியர்' – இரண்டில் எது முதலில் வருகிறதோ அது.
'பெஸ்ட் பிஃபோர்' – இந்தத் தேதி வரை பொருளின் ருசியும் தரமும் நன்றாக இருக்கும். மருந்தில் போடும் 'எக்ஸ்பைரி' வேறு, அந்தத் தேதிக்கு மேல் தொடவே கூடாது.

உதாரணம் ஒன்று. கடன் படிவத்தில் செயலாக்கக் கட்டணம் '1 சதவீதம் அல்லது 500 ரூபாய், விச்எவர் இஸ் ஹையர்' என்று இருக்கிறது. நீங்கள் வாங்குவது 20,000 ரூபாய். ஒரு சதவீதம் 200 ரூபாய்தான். ஆனால் 200, 500 இரண்டில் அதிகம் 500. எனவே பிடிப்பது 500 ரூபாய். 'ஹையர்' இருக்கும் இடத்தில் 'லோயர்' இருந்திருந்தால் 200 ரூபாயோடு போயிருக்கும்.

உதாரணம் இரண்டு. ஒரு குழு மாவு மிஷின் வாங்குகிறது. அட்டையில் 'வாங்கிய நாளிலிருந்து 18 மாதம் அல்லது பொருத்திய நாளிலிருந்து 12 மாதம், விச்எவர் இஸ் ஏர்லியர்' என்று உத்தரவாதம். வாங்கியது 2024 ஜனவரி 1. கரண்ட் இணைப்பு தாமதமாகி, பொருத்தியது 2024 அக்டோபர் 1. வாங்கிய நாளிலிருந்து 18 மாதம் 2025 ஜூன் கடைசியில் முடிகிறது. பொருத்திய நாளிலிருந்து 12 மாதம் 2025 செப்டம்பர் கடைசியில் முடிகிறது. எது ஏர்லியர்? ஜூன். ஆகஸ்டில் மோட்டார் எரிந்தால் ரிப்பேர் செலவு குழுவின் தலையில்தான். 'ஏர்லியர்' என்ற சொல்லின் அர்த்தம் தெரிந்திருந்தால் ஜூனுக்கு முன்பே ஒரு முறை மெக்கானிக்கை வரவழைத்து மிஷினைப் பரிசோதித்திருக்கலாம்.

7. "தேன் வாட்?" என்று கேளுங்கள்

கடன் விளம்பரங்களில் 'லோயர் இன்ட்ரஸ்ட்', 'பெட்டர் லோன்', 'ஈஸியர் பேமென்ட்' என்று எழுதியிருப்பார்கள். இப்போது உங்களுக்கு விதி தெரியும். இரண்டாம் படிச் சொல் வந்தால் பின்னால் 'தேன்' வர வேண்டும். அதைக் காணோமே! எதை விடக் குறைந்த வட்டி? இந்த மாதிரி இடத்தில் "தேன் வாட்?" என்று கேட்க வேண்டும். 'எதை விட?' என்று அர்த்தம். அதே போல 'த பெஸ்ட்' என்று வந்தால் எந்த ஊரில், எத்தனையில் பெஸ்ட் என்று கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் 12,000 ரூபாய், 12 மாதம், மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டுகிறோம்.

முதல் இடத்தில் '12 சதவீதம் ஃப்ளாட்' வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. வருடம் முழுக்க 12,000-க்கும் வட்டி. மொத்த வட்டி 1,440 ரூபாய்.

இரண்டாவது இடத்தில் 18 சதவீதம், அதாவது மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி, மீதி இருக்கும் அசலுக்கு மட்டும். முதல் மாதம் 12,000-க்கு 180 ரூபாய், அடுத்த மாதம் 11,000-க்கு 165 ரூபாய், இப்படியே இறங்கி கடைசி மாதம் 1,000-க்கு 15 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினால் 1,170 ரூபாய்.

பார்த்தீர்களா? 12 இஸ் லோயர் தேன் 18. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 1,440 இஸ் ஹையர் தேன் 1,170. காகிதத்தில் லோயர், கையில் ஹையர்.

மூன்றாவதாக நம் குழுவின் உள்கடனைப் பாருங்கள். பல குழுக்களில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி, மீதி அசலுக்கு. அதே கடனுக்கு வட்டி 1,560 ரூபாய் வரும். வருடத்துக்கு 24 சதவீதம் என்று கேட்டால் 12-ஐப் போல இரண்டு மடங்கு என்று பயந்து போவோம். உண்மையில் வித்தியாசம் 120 ரூபாய்தான். அதிலும் அந்த வட்டி நம் குழுவின் பொது நிதிக்கே வந்து சேருகிறது.

அதனால் ஒப்பிடும்போது சதவீதத்தோடு சதவீதத்தை மட்டும் ஒப்பிடாமல், 'மொத்தம் எவ்வளவு கட்டுவேன்' என்ற ரூபாயையும் ஒப்பிடுங்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டு வந்த விதிகளின்படி, கடன் அட்டையில் எழுதுவது வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் எழுதிய அட்டையைக் கேட்பது உங்கள் உரிமை. ஆங்கிலத்தில் நீட்டினால் படிக்கத் தெரிய வேண்டும், தமிழில் வேண்டும் என்று கேட்கவும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவளை ஏமாற்றுவது கஷ்டம்.

8. நாம் விற்கும்போது

நம் பொருளுக்கு நாமும் ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். கண்காட்சியில் ராகி மால்ட் வைத்திருக்கும் குழு "அவர் மால்ட் இஸ் த பெஸ்ட்" என்று சொன்னால் வாங்க வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். எல்லாக் கடையும் அதைத்தான் சொல்கிறது. அதற்குப் பதில் இப்படிச் சொல்லுங்கள்.

ராகி ஹேஸ் மோர் கால்சியம் தேன் ரைஸ். (அரிசியை விட ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம்.)

இது உண்மையும் கூட. 100 கிராம் ராகியில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் 10 மில்லி கிராம் அளவுக்குத்தான். எதை விட, எதில், எவ்வளவு என்று மூன்றும் சொன்னால் வாங்குபவர் நின்று கேட்பார். நாம் மற்றவரிடம் கேட்கும் "தேன் வாட்?" என்ற கேள்விக்கு நம்மிடமும் பதில் இருக்க வேண்டும் இல்லீங்களா?

விவசாயம் செய்யும் சகோதரிகள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போனால் 'ஹையர் ஈல்டு' (கூடுதல் விளைச்சல்), 'ஷார்ட்டர் டியூரேஷன்' (குறைந்த நாள் பயிர்) என்ற சொற்கள் காதில் விழலாம். அங்கேயும் தயங்காமல் எந்த ரகத்தை விட என்று கேளுங்கள்.

9. பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். விடை கீழே உள்ளது, முதலில் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.

1. எ கோட் இஸ் ______ தேன் எ கவ். (ஸ்மால்)
2. கோல்டு இஸ் ______ தேன் சில்வர். (எக்ஸ்பென்சிவ்)
3. திஸ் பேக் இஸ் ______ தேன் தட் பேக். (ஹெவி)
4. ஷீ இஸ் த ______ ஸ்டூடன்ட் இன் த கிளாஸ். (குட்)
5. ப்ளீஸ் ரைட் ______. (கிளியர்லி)
6. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். எது 'ஹையர்'? முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.
7. 'நாட் லேட்டர் தேன் மார்ச் 31'. ஏப்ரல் 2-ஆம் தேதி விண்ணப்பம் கொடுக்கலாமா?
8. கட்டணம் '2 சதவீதம் அல்லது 300 ரூபாய், விச்எவர் இஸ் லோயர்'. கடன் 25,000 ரூபாய். கட்டணம் எவ்வளவு?

விடைகள்: 1. ஸ்மாலர். 2. மோர் எக்ஸ்பென்சிவ். 3. ஹெவியர். 4. பெஸ்ட். 5. மோர் கிளியர்லி. 6. ஆனைமுடி இஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா. 7. கொடுக்க முடியாது, தேதி தாண்டிவிட்டது. 8. 300 ரூபாய் (2 சதவீதம் 500 ரூபாய் வரும், இரண்டில் குறைவு 300).

6 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னவர்கள் பக்கத்தில் இருக்கும் சகோதரிக்குச் சொல்லிக் கொடுங்கள். 7, 8 தவறிப் போனவர்கள் ஆறாம் பகுதியை மறுபடி ஒரு தரம் வாசியுங்கள். மற்றவை மெதுவாக வரும், ஆனால் அந்த இரண்டும் பணத்தைத் தொடுகிறவை.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது: அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டிலிருந்து ஆங்கிலம் அச்சடித்த ஒரு காகிதம் கொண்டு வாருங்கள். சோப்பு உறை, மருந்துப் பட்டை, விதைப் பாக்கெட், கடன் அட்டை, இன்சூரன்ஸ் பத்திரம் எதுவானாலும் சரி. நாலு நாலு பேராக உட்கார்ந்து, அதில் 'தேன்', 'மோர்', 'லெஸ்', 'ஹையர்', 'லோயர்', 'ஏர்லியர்', 'லேட்டர்', 'பெஸ்ட்' என்ற எட்டுச் சொற்களில் எது இருக்கிறது என்று தேடி பென்சிலால் வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட வரியின் அர்த்தத்தைத் தமிழில் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். புரியாத வரி இருந்தால் அதையும் அப்படியே எழுதிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். கடன் அட்டை கொண்டு வருபவர்கள் மொத்தம் எவ்வளவு வட்டி கட்டுகிறீர்கள் என்று கணக்குப் போட்டு, ரூபாயைப் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்த இதழில் தேதி, நேரம், மாதம் சொல்வது பற்றிப் பார்ப்போம்.

– கள ஒருங்கிணைப்பாளர்